லா சப்பலில் நடந்த சிலுவைப் போர்

எண்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், பாரிஸ் நகரத்தில் நான் துருக்கிச் சுல்தானாக இருந்தேன். மத்தியானம் முடிசூடினேன், பொழுதுபடமுன் முடியை இறக்கிவைத்தேன். அதற்கு முதல் நாளும் அடுத்த நாளும் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பதவி என் குரலுக்காகக் கிடைத்தது என்று வெகுகாலம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அது என் தாடிக்கும், நான் சைவக்காரன் என்பதற்குமே கிடைத்தது.

கூத்தைத் தொடங்கியவர் மன்னார் அண்ணை. கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் பெட்டி கழுவுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. ஆள் கட்டை, குரல் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். இலங்கையில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் கோயில் திருநாளுக்கு ஆடுகிற நாட்டுக்கூத்து ஒன்றை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மனப்பாடமாக வைத்திருந்தார். கதை சிலுவைப் போர்க் கதை. பிராஞ்சு தேசத்து ராசா செருசலேம் பட்டணத்தை மீட்கக் கப்பலேறிப் போவார். துருக்கிச் சுல்தான் வந்து மறிப்பார். இரண்டு பேரும் பாட்டிலே ஏசிக்கொள்வார்கள், பிறகு வாளெடுப்பார்கள். கடைசியில் சுல்தான் தோற்று முழந்தாளில் விழ, ராசா ஒரு செம்புத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். அதோடு எல்லோரும் சேர்ந்து மங்களம் பாட, சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

"பிரான்சுக்கு வந்து பிராஞ்சு ராசாவை ஆடாமல் விட்டால் இந்த நாட்டுக்கு மரியாதையோ?" என்று மன்னார் அண்ணை கேட்டார்.

ராசா வேடத்தை அவரே எடுத்துக்கொண்டார். மந்திரிக்கும் தூதனுக்கும் ஓல்னே-சூ-புவா என்ற புறநகரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். லெ பிளாங்-மெனிலில் இருந்து ஒருவர் மத்தளம் அடிக்க வந்தார். சுல்தானுக்கு மாத்திரம் ஆள் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் கூத்திலேயே நல்ல பாட்டுகளெல்லாம் சுல்தானுக்குத்தான். சிக்கல் என்னவென்றால், நடுக்காட்சியில் சுல்தான் ராசாவின் சிலுவைக்கொடியைக் காலால் உதைத்து விழுத்த வேண்டும். ஊரில் சுல்தானுக்கு ஆடுகிறவர் மறுநாளே கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பாராம். பாரிஸில் அது சரிவரவில்லை. ஏனென்றால் எல்லோருக்கும் அகதிக் கேஸ் முடிவு தெரியாமல் கிடந்தது.

"கேஸ் கிடக்கேக்கை சிலுவையை உதைக்கச் சொல்லுறியளோ அண்ணை?" என்று ஓல்னேக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அப்படித்தான் மன்னார் அண்ணையின் பார்வை என் தாடியில் வந்து நின்றது. பிளேடு வாங்கப் பஞ்சிப்பட்டு வளர்ந்த தாடி அது.

"தம்பி, நீர் சைவம்தானே. உமக்குப் பாவம் வராது," என்றார்.

"எனக்கும் கேஸ் கிடக்கண்ணை."

"உம்மடை கேஸை உம்மடை பிள்ளையார் பாப்பார்."

"பிள்ளையாரும் அந்தோனியாரும் மேலை ஒண்டாயிருந்து கதைக்கினமோ தெரியேல்லை. நான் உதைக்க மாட்டன்."

நாலு நாள் இழுபறிப்பட்டு ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நான் கொடியை உதைக்கத் தேவையில்லை, கையால் பிடுங்கி ஓரமாகச் சாத்தி வைத்தால் போதும். சிலுவையை இவ்வளவு பத்திரமாகச் சாத்தி வைத்த சுல்தான் வேறெந்தக் கூத்திலும் இருந்திருக்க மாட்டான்.

பழகுவதற்கு இடம் வேண்டியிருந்தது. மத்தளச் சத்தத்தைச் சகிக்கிற இடமாகவும் வாடகை இல்லாத இடமாகவும் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் நான் குடியிருந்த வீட்டின் அடியிலேயே இருந்தது. லா சப்பல் பேட்டையில், போபூர் சன் துனி வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சின்னத் தெருவில் ஒரு கஃபே. அதன் மேல்மாடியில் என் அறை, கீழே நிலவறை. இரண்டுக்கும் சொந்தக்காரர் அல்ஜீரியாவின் மலைப்பகுதியில் பிறந்த ஒருவர். நாங்கள் அவரை நானா என்று கூப்பிட்டோம். ஊரில் வயதில் மூத்த முஸ்லிம்களை அப்படிக் கூப்பிட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பெட்டை என்று பொருள் உண்டென்பதைக் கஃபே வாடிக்கைக்காரர்கள் சிரித்ததில் பிறகு அறிந்தோம். அதற்குள் அவருக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பாரிஸுக்கு வந்த புதிதில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அந்தக் கஃபேக்குள் போனேன். கையில் காசில்லை, வாயில் பிரெஞ்சில்லை. எதுவும் வாங்காமல் நிற்பவனைத் துரத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீரை என் முன்னால் வைத்தார். பிறகு ரொட்டி வந்தது, பிறகு மேல்மாடி அறை வந்தது, அறையில் குடியிருப்பதற்கான அத்தாட்சிக் கடிதத்தையும் அவரே எழுதிக் கையெழுத்து வைத்தார். காலையில் படியிறங்கும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். அந்த வருடத்தில் பாரிஸில் என்னிடம் அப்படிக் கேட்டது அவர் ஒருவர்தான். தம்பிமார் ஊரில், தாய் தகப்பன் ஊரில், இங்கே எனக்கு மூத்தவர் என்று சொல்ல அவர் மட்டுமே இருந்தார். அவர்மேல் எனக்கு இருந்த அன்பு கொஞ்சநஞ்சமல்ல.

நிலவறையை அவர் சந்தோஷமாகத் தந்தார். சனிக்கிழமைகளில் நாங்கள் எலுமிச்சைச் சோடாப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அங்கே ஆடினோம். மத்தளம் அதிர, மேலே கோப்பிக் கோப்பைகள் கிலுகிலுவென்று ஆடுமாம். ஒருநாள் புதினாத் தேநீரோடு இறங்கி வந்து, இது என்ன கதை என்று கேட்டார். என்னுடைய பிரெஞ்சு அப்போதும் குசினிப் பிரெஞ்சுதான். இரண்டு ராசாக்கள், பெரிய சண்டை என்றேன்.

"நீ யார்?"

"சுல்தான்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "என்னுடைய மாடியில் ஒரு சுல்தான் குடியிருக்கிறார், நான் அவருக்குத் தண்ணீர்க் குழாய் திருத்திக் கொடுக்காமல் இருக்கிறேன்," என்று கஃபே முழுவதும் கேட்கும்படி சொன்னார். பிறகு என் உடுப்பைப் பார்த்தார். பார்பெஸ் கடைத்தெருவில் மலிவாக வாங்கிய ஊதாத் திரைச்சீலையைத் தைத்து வைத்திருந்தோம். அவர் மேலே போய், வெள்ளைக் கம்பளியில் நெய்த, தலைமூடி வைத்த ஒரு நீண்ட அங்கியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். புர்னூஸ் என்று பெயர். அவருடைய தகப்பன் உடுத்தது. சுல்தான் என்றால் சுல்தான் மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

மன்னார் அண்ணை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உருகிப்போனார். கூத்துக்கு இடம் கொடுத்தவரை முன்வரிசையில் இருத்தி, முடிவில் மாலை போட வைப்பது முறை. உடுப்பும் கொடுத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அவரே பிரதம விருந்தினர் என்று அந்த இடத்திலேயே தீர்மானமாயிற்று. ஒருவர் மொழிபெயர்த்தார், நானா நெஞ்சில் கைவைத்து ஒப்புக்கொண்டார், எல்லோரும் தேநீர் குடித்தோம். ஒரு முஸ்லிம் பெரியவரைச் சிலுவைப் போர்க் கூத்துக்குப் பிரதம விருந்தினராக அழைத்திருக்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நல்லது செய்த மனிதருக்கு நல்ல கதிரை கொடுக்கிறோம், அவ்வளவுதான் எங்கள் புத்தி.

எனக்கு உறைத்தது அடுத்த சனிக்கிழமை. கடைசிக் காட்சி பழகிக்கொண்டிருந்தோம். நான் முழந்தாளில் நிற்கிறேன், மன்னார் அண்ணை செம்பைக் கவிழ்க்கிறார், குளிர்ந்த தண்ணீர் பிடரியில் இறங்குகிறது. அந்தக் குளிர் முதுகுத்தண்டில் போய்ச் சேருவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எட்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை நானா முன்வரிசையில் இருப்பார். அவருடைய தகப்பனின் புர்னூஸ் முழந்தாளில் நிற்கும். அதன்மேல் ஞானஸ்நானத் தண்ணீர் விழும். சனம் கைதட்டும்.

"அண்ணை, நாங்கள் ஒரு மடவேலை பாத்துப்போட்டம்," என்றேன்.

விளக்கிச் சொன்னதும் மன்னார் அண்ணை நெற்றியைச் சொறிந்தார். "கதை கதைதானே தம்பி. அவருக்குத் தமிழ் விளங்காது."

"முழங்கால்லை நிக்கிறது விளங்காதோ? தண்ணி ஊத்துறது விளங்காதோ? மனிசன் பிரான்சிலை முப்பது வருசமா இருக்கிறார்."

"அப்ப முடிவை மாத்தச் சொல்லுறீரோ?"

"கொஞ்சம் வளைச்சால் என்ன?"

"ஏலாது. ஓல்னேயிலை இருந்து ஆச்சிமார் வருகினம். ஊரிலை கேட்டுக் கேட்டு வளந்த சனம். ஒரு வரி பிசகினாலும் கீழை இருந்து எடுத்துக் குடுப்பினம். ஞானஸ்நானம் இல்லாட்டில் என்னை உயிரோடை விடாயினம்."

அப்படியானால் நானாவை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுவும் ஏலாது. அவர் தன் கோட்டை உலர்சலவைக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிறு கஃபே பூட்டு என்று கண்ணாடியில் ஒட்டிவிட்டார். மனைவியிடம் சொல்லி, மனைவி தங்கைமாரிடம் சொல்லி, அவர்கள் எல்லோரும் மேல்மாடிச் சுல்தானைப் பார்க்க ஆவலாக இருந்தார்கள். நான் அந்தக் கிழமை முழுவதும் படியில் அவரைச் சந்திக்காமல் இருக்கப் பார்த்தேன். அப்படியும் "சாப்பிட்டாயா?" என்ற குரல் பின்னால் வரும். அவர் மனம் நொந்தால் நான் இந்த ஊரில் யாருக்கு முகம் காட்டுவேன் என்று நினைத்து நித்திரை கெட்டேன். அறை போய்விடும் என்ற பயம்கூட இரண்டாவதுதான்.

ஞாயிறும் வந்தது. மண்டபம் பக்கத்துப் பங்குக் கோயிலுடையது. அதைத் தந்த பிரெஞ்சுச் சுவாமியார் சாதுவான மனிதர். பக்தியான ஓர் அரசரின் கதை என்று மாத்திரம் மன்னார் அண்ணை அவரிடம் சொல்லியிருந்தார். பொய்யில்லை. ஆனால் மண்டப வாசலில் நெஞ்சில் ஒரு முழ நீளச் சிவப்புச் சிலுவையோடு வாள் பிடித்து நின்ற மன்னார் அண்ணையைக் கண்டதும் சுவாமியாருக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"இது சிலுவைப் போரா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம் சுவாமி."

அவர் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். முன்வரிசையின் நடுவில் நானா கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, பக்கத்தில் தலையில் பூப்போட்ட துணி கட்டிய மனைவி. சுவாமியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திருச்சபை அந்தக் காலத்தை நினைத்து வெட்கப்படுகிறது, அதைக் கொண்டாடக் கூடாது, அதுவும் இந்தப் பேட்டையில், அதுவும் இவர்களுக்கு முன்னால் என்று மளமளவென்று சொன்னார். முற்காலத்து அரசர்கள் போருக்குப் புறப்படுமுன் சன் துனிக் கோயிலில் கொடி வாங்கப் போவார்கள், அதற்கு இந்தத் தெருவால்தான் குதிரையில் போனார்கள், அந்தச் சங்கதியைக்கூட நான் பிரசங்கத்தில் சொல்வதில்லை என்றார். நான் முடிந்தமட்டும் மொழிபெயர்த்தேன்.

மன்னார் அண்ணையின் கண் விரிந்தது. "எங்கடை ராசா இந்த ரோட்டாலையோ போனவர்?"

"அவர் அதைச் சந்தோசத்துக்குச் சொல்லேல்லை அண்ணை."

"சந்தோசம்தானே தம்பி. நானும் ஒவ்வொருநாளும் வேலைக்கு இதாலைதான் போறனான்."

சுவாமியார் விடவில்லை. அந்த அரசர்களில் ஒருவர் வெல்லவேயில்லை, எகிப்தில் சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டுப் பணயப் பணம் கட்டித்தான் வெளியே வந்தார், உங்கள் கதை தலைகீழாக இருக்கிறது என்றார். அதையும் சொன்னேன்.

"அது வேறை ராசாவாயிருக்கும்," என்றார் மன்னார் அண்ணை.

கூத்தை நிறுத்தவும் வழியில்லை. உள்ளே மத்தளம் தொடங்கி, மந்திரி காப்புப் பாடிவிட்டார். காப்பு என்பது தொடக்கத்தில் கடவுளிடம் துணை கேட்கிற பாட்டு. அதைப் பாடிவிட்டால் கடைசியில் மங்களம் பாடாமல் கூத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஊருக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. எந்த ஊருக்கு ஆகாது, மன்னாருக்கா பாரிஸுக்கா என்று கேட்க எனக்கு நேரமிருக்கவில்லை. சுவாமியார் போய் நானாவின் பக்கத்துக் கதிரையில், வழக்கு விசாரணைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். அவர் அடிக்கடி நானாவின் காதில் ஏதோ சொல்வதை நான் திரை மறைவிலிருந்து பார்த்தேன். மன்னிப்புத்தான் கேட்கிறார் என்று ஊகித்தேன். நானா ஒவ்வொரு முறையும் அவர் முழங்காலில் தட்டிக்கொடுத்தார்.

ஊரில் விடிய விடிய ஆடுகிற கூத்தை ஒரு பின்னேரத்துக்குள் ஆடி முடித்து மண்டபத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தபடியால் பிராஞ்சு ராசாவின் கடற்பயணம் கண்மூடித் திறக்குமுன் முடிந்தது. மன்னார் அண்ணை தன் வரவுப் பாட்டில் போபூர் சன் துனி வீதியையும் செருகிப் பாடினார். ஆச்சிமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இப்படி ஒரு வரி அவர்கள் கேள்விப்பட்டதில்லை. பிறகு என் முறை வந்தது.

எட்டுத் திசையும் நடுநடுங்க - சுல்தான்
எழுந்து வாறேன் சபையோரே

புர்னூஸ் காற்றில் விரிய நான் மூன்று சுற்றுச் சுற்றி நடுமேடையில் வந்து குதித்தேன். மேடைப் பலகை கதறியது. நானா எழுந்து நின்று கைதட்டினார். அவர் மனைவி நாக்கைச் சுழற்றி ஒரு குரல் எழுப்பினார், மட்டக்களப்புப் பக்கத்துக் குரவை மாதிரி இருந்தது. அதைக் கேட்டுப் பின்வரிசைப் பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள். அந்த நிமிடத்தில் நான் கோப்பை கழுவுகிறவன் என்பதை மறந்துபோனேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தலைகால் தெரியாமல் ஆடினேன். சிலுவைக்கொடியைப் பிடுங்கி, சொன்னபடி சுவரில் பக்குவமாகச் சாத்தி, அது சரியாததைப் பார்த்து, பிறகுதான் திரும்பினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சுவாமியாரும் சிரித்ததைக் கண்டேன்.

கடைசிச் சண்டை வந்தது. நாலு தட்டு வாளில், இரண்டு சுற்று, என் வாள் பறந்தது. நான் முழந்தாளில் விழுந்தேன். மந்திரி செம்பைக் கொண்டுவந்து ராசாவிடம் நீட்டினார். ஆச்சிமார் முக்காட்டைச் சரிசெய்து கைகூப்பினார்கள். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நானாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. கீழே பலகையில் பரந்து கிடந்த வெள்ளைக் கம்பளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேடைப் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

பிரதம விருந்தினர் போடுவதற்கென்று லெ பிளாங்-மெனில் பெண்கள் கார்னேஷன் பூவில் ஒரு மாலை கட்டி அவர் கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மங்களத்துக்குப் பிறகு அவர் மேடையேறி அதை ராசாவுக்குப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அதை அவரிடம் சொல்லி வைக்க ஒருவரும் நினைக்கவில்லை. நானா மாலையோடு மேடைக்கு வந்து, வாளோங்கி நின்ற மன்னார் அண்ணையைச் சுற்றிக்கொண்டு, என் கழுத்தில் அதைப் போட்டார். போட்டதோடு நிற்காமல் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். குனிந்து புர்னூஸின் ஓரத்தில் ஒட்டிய தூசியையும் தட்டிவிட்டார்.

மத்தளக்காரர் கையைக் காற்றிலேயே வைத்திருந்தார். மன்னார் அண்ணை உதட்டை அசைக்காமல், "முழங்கால்லை நில்லும்," என்றார்.

"என்னண்டு நிக்கிறது? கையைப் பிடிச்சிருக்கிறார்."

"விடச் சொல்லும்."

"நீங்கள் சொல்லுங்கோ."

மேடையில் மாலை வாங்கினவன் மாலை போட்டவரை வாழ்த்தி இரண்டு வரி பாட வேண்டும் என்பதும் ஒரு முறை. எனக்கு வேறு வழி தெரியாததால் அதைச் செய்தேன். இடம் தந்தார், உடை தந்தார், ஏழைக்கு வீடும் தந்தார் என்று வாய்க்கு வந்ததைப் பாடினேன். பாடும்போது குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை. பாடி முடிந்தும் நானா என் கையை விடவில்லை. விருந்தினர் கைபிடித்து நிற்கிறவனின் தலையில் தண்ணீர் ஊற்றினால் விருந்தினரின் கோட்டிலும் ஊற்றுப்படும். மன்னார் அண்ணை செம்பைப் பார்த்தார், ஆச்சிமாரைப் பார்த்தார், நானாவின் உலர்சலவை செய்த கோட்டைப் பார்த்தார். அவர் அந்தக் கூத்தை எவ்வளவு நேசித்தார் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தில் எத்தனை யோசனை ஓடியதோ, வாளை மெதுவாக உறையில் போட்டார். மத்தளக்காரருக்குக் கண் காட்டினார். பிறகு அதுவரை ஒருவரும் கேட்டிராத வரிகளைப் பாடினார்.

தாகமோ சுல்தானே - சண்டையிலே
தளர்ந்தீரோ சுல்தானே
செம்பிலே தண்ணீருண்டு - வாங்கிச்
சிந்தாமல் குடியுமையா

மந்திரியிடமிருந்து செம்பை வாங்கி இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கி மடக்கு மடக்கென்று குடித்தேன். அதுவும் நடிப்பில்லை. பின்னேரம் முழுக்கக் கம்பளிக்குள் குதித்தவனுக்குத் தெரியும் அந்தத் தாகம். நானா கைதட்டினார், அவர் மனைவி மறுபடி அந்தக் குரலை எழுப்பினார், சுவாமியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மங்களம் பாடியாயிற்று, காப்புக்கும் பழுதில்லாமல் போயிற்று.

சனம் கலைகிற நேரத்தில் ஓர் ஆச்சி மன்னார் அண்ணையை மறித்து, "ஞானஸ்நானம் எங்கையடா?" என்று கேட்டார்.

"தண்ணி குடுத்தனான்தானே ஆச்சி," என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரிலை எத்தினை தரம் பாத்திருப்பன். ஒருக்காலும் சுல்தான் தன்ரை சமயத்தோடை வீட்டை போகேல்லை. போகட்டும், பாவம், அவனுக்கும் பெண்சாதி பிள்ளையள் இருக்கும்."

மறுநாள் காலையில் புர்னூஸை மடித்து எடுத்துக்கொண்டு கஃபேக்கு இறங்கினேன். நானா தனியாக இருந்தார். மன்னிப்புக் கேட்க என்று படியிலேயே பாடமாக்கிய பிரெஞ்சு வசனம் பாதியில் நின்றுவிட்டது. உங்களை அவமதிக்க நினைக்கவில்லை, எங்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்பதுபோல ஏதோ சொன்னேன்.

அவர் என்னை நிறுத்தினார். "அந்த மனிதர் நெஞ்சில் சிலுவை இருந்தது. நான் குருடனா? அதற்கு மேல் சுவாமியார் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நீ தோற்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். கதையில் யாரோ தோற்கத்தானே வேண்டும்."

"பிறகு ஏன் மேடைக்கு வந்தீர்கள்?"

"அது என் அப்பாவின் புர்னூஸ். அவர் அதை உடுத்திக்கொண்டு ஒருவருக்கும் முழந்தாளில் நின்றதில்லை. பிரெஞ்சுக்காரர்களோடு எங்களுக்குச் சண்டை நடந்தபோதும் நிற்கவில்லை. அதைத் தரையில் பார்த்ததும் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதோடு, உள்ளே இருந்தது நீ," என்றார்.

அவர் புர்னூஸை வாங்கி மேசையில் வைத்தார். "ஒன்று கேட்க வேண்டும். உன் ராசாவுக்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரிந்தது?"

"எந்த வழக்கம்?"

"எங்கள் மலையில் அப்பாமார் சொல்வார்கள். உன்னிடம் அகப்பட்டவன் உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் அவன் உன் விருந்தாளி. அதற்குப் பிறகு அவனை ஒருவரும் தொட முடியாது, நீயும் தொட முடியாது."

மன்னார் அண்ணைக்கு அப்படி ஒன்றும் தெரியாது, செம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் நீட்டினார் என்றேன். நானா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பிக் கோப்பி மெஷினைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கு அப்போதுதான் அந்த மழைநாள் நினைவுக்கு வந்தது.

"நானா, நான் முதல் நாள் வந்தபோது ஒன்றும் கேட்காமல் தண்ணீர் வைத்தீர்களே."

"ஓம்," என்றார். எங்களிடம் பழகிய அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழிலேயே சொல்லுவார். "வாசலில் நின்றாய், நனைந்துபோய். பிடிபட்டவன் மாதிரித்தான் இருந்தாய்."

பிறகு அன்றைய கிளாஸைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, என் முன்னால் வைத்தார். வேலைக்கு நேரமாகிறது, குடித்துவிட்டுப் போ என்றார்.